மூன்றாவது ரிலே

கொதிகலனின் கன்ட்ரோலர் பெட்டியில் மூன்று ரிலே சுவிட்சுகள். முதலாவது ஹீட்டருக்கு, இரண்டாவது பம்புக்கு, மூன்றாவது அபாய மணிக்கு. ஒவ்வொன்றையும் செட் செய்து, இயக்கி, 'டக்' என்ற சத்தத்தைக் கேட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். டெக்னீஷியனுக்குப் பசி காதை அடைத்தது. மணி அலறினால் ஆளாளுக்கு ஓடிவந்து கேள்வி கேட்பார்கள். இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

"மூணையும் பாத்தாச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"பாத்தாச்சு சார்."

கன்ட்ரோலர் பெட்டிக்குள் டக் என்றது. திரையில் மூன்றாவது ரிலே 'ஆஃப்' என்றே இருந்தது.

சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டுப் போனார். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பெண் மட்டும் நின்றாள். "அண்ணே, என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்லம்மா, சூட்டுக்குத் தகரம் விரியுது."

டக்.

அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. வாயைத் திறக்காமல் கன்ட்ரோலரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டினார். இந்த முறை மூன்றையும் சோதித்தார். மணி ஊரைக் கூட்டியது. எல்லாம் சரியாக இருந்தது.

வீட்டில் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏங்க, முகமே சரியில்லையே. வேலையில ஏதாவது தப்பாயிடுச்சா?"

குனிந்து செருப்பைக் கழற்றினார். 'ஒண்ணுமில்ல' என்ற பதில் தயாராக இருந்தது. அவர் வாயெடுப்பதற்குள், மூலையில் கிடந்த பைக்குள் டக் என்றது.