மெஸ்காரம்மாவின் சுறாப்புட்டு

கேரியர் மூடியைத் தானே எடுத்துத் தட்டாக வைத்துக்கொண்டு, சுறாப்புட்டில் ஒரு வாய் போட்டுவிட்டு ராகவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கோவளம், ஞாயிற்றுக்கிழமை மதியம். சவுக்குத் தோப்பு நிழலில் நான், துரை, ராகவன்.

புட்டு பல்லாவரத்தில் ஒரு மெஸ்ஸில் வாங்கியது, கேரியரும் அந்த மெஸ்காரம்மாவுடையது, திருப்பித் தர வேண்டும் என்று ராகவனிடம் சொல்லியிருந்தேன். பொய் சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டாமா. செய்தது என் மனைவி அருள்மேரி.

ஸ்ரீநிவாசராகவன் என்கிற இந்த ராகவன் திருமுடிவாக்கத்தில் எங்கள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். சிட்லபாக்கத்தில் வீடு. மாதம் ஒரு ஞாயிறு மூன்று பேரும் எங்காவது கிளம்பிவிடுவோம். முட்டுக்காடு, மகாபலிபுரம், வண்டலூர். போகிற இடத்திலெல்லாம் சாருக்குப் புதிதாக எதையாவது தின்று பார்க்க வேண்டும். நண்டு, இறால், காடை, கடம்பா என்கிற கணவாய்.

வீட்டில் திருநீர்மலைப் பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவான். மேடவாக்கம் தாண்டியதும் நெற்றி நாமத்தைக் கைக்குட்டையால் துடைப்பான். திரும்புவதற்கு முன் என் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்துப் புதிதாக இட்டுக்கொள்வான். கண்ணாடியை நான்தான் திருப்பிப் பிடிக்க வேண்டும். பெருமாளுக்கே அல்வா கொடுக்கிற ஆள்.

அதெல்லாம் அவன் பாடு. எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில்.

பொழிச்சலூரில் என் வீட்டு வாசல் வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறான். ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. உள்ளே கூப்பிட்டால் வயிறு சரியில்லை, விரதம், பஸ் போய்விடும். கோவளத்தில் எவனோ பொரித்த மீனை முள்ளோடு தின்கிறவனுக்கு என் வீட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. ஓட்டலில் சமைத்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. வீடு என்றால் மட்டும் சாதி வந்துவிடுகிறது. இந்த எழவு நியாயத்தை எவன் எழுதி வைத்தானோ தெரியாது.

அடுத்த ஞாயிறு என் மகளுக்குப் புதுநன்மை. கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிறாள், வீட்டில் விருந்து. ஆபீஸில் பத்திரிகை கொடுத்தேன். "பார்க்கலாம்" என்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

அருள்மேரி விடுவதாக இல்லை. விடியற்காலையிலேயே எழுந்து புட்டு செய்து, கேரியரை மாட்டிக் கொடுத்தாள்.

"நம்ம வூட்ல செஞ்சதுனு மொதல்ல சொல்லாத. சாப்ட்டு முடிக்கட்டும், அப்பால சொல்லு. அதுக்கப்புறம் இன்னா சாக்கு சொல்லுவாருனு பாக்கலாம்."

ராகவன் கண்ணைத் திறந்தான். வழக்கமாகப் புதுப் பண்டம் என்றால் முள் உண்டா, வாடை வருமா, எப்படிக் கடிக்கணும் என்று உயிரை வாங்குவான். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"எங்காத்து பருப்பு உசிலி மாதிரின்னா இருக்கு" என்றான்.

"உசிலிதான் அய்யரே. பருப்பு கடல்ல நீந்திகினு இருந்துச்சு" என்று துரை சிரித்தான். துரைக்கு எல்லாமே சிரிப்பு.

வீட்டில் பூண்டை வாசலோடு நிறுத்துகிறவன், புட்டில் பூண்டைத் தேடித் தேடித் தின்றான். இரண்டாவது தடவை போட்டதையும் காலி செய்தான். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான். பார்க்க அருவருப்பாக இருந்தது. மாட்டிக்கொண்டாய் மகனே என்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

துரைக்கு விஷயம் தெரியும். சொல்லு என்று கண்ணைக் காட்டினான். நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் ராகவன் எழுந்து மூடியை எடுத்துக்கொண்டு அலைக்குப் போனான். அவன் ஒரு தம்ளரைக் கழுவிக்கூட நான் பார்த்ததில்லை. அன்று மணல் போட்டுத் தேய்த்து அலசினான். நாமத்தைத் துடைத்த அதே கைக்குட்டையால் ஈரம் போகத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"மெஸ்காரம்மாகிட்ட ரொம்ப நன்னா இருந்ததுன்னு சொல்லிடு சவுரி. அடுத்த ஞாயித்துக்கிழமைதான் என்னால வர முடியாது. திருநீர்மலைல உற்சவம்."

மெஸ்காரம்மாவுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த கேரியர். கடையிலேயே பெயர் வெட்டி வாங்கியது. சவுரிமுத்து – அருள்மேரி, பொழிச்சலூர்.

மூடியைத் திருப்பிப் போட்டுத்தான் தட்டாக வைத்துக்கொண்டான். திருப்பும்போதே படித்திருக்கிறான். அவன் கண்ணை மூடியது ருசிக்காக என்று நினைத்திருந்தேன்.

துரை சிரிக்கவில்லை.

ராகவன் ஸ்கூட்டர் அருகே நின்று உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தான். குனிந்து நெற்றியில் ஒரு கோடு இழுத்தான். "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்றான்.

நான் கண்ணாடியை என் பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை உதைத்தேன்.

"ஏறு. பொழிச்சலூர் போயிட்டு அப்புறம் உன் வீடு. மெஸ்காரம்மாகிட்ட நீயே சொல்லிடு."

அவன் துரையின் வண்டியைப் பார்த்தான்.

"நம்ம வண்டில பின்சீட்டு கழண்டுகினு கீது அய்யரே" என்றான் துரை.

ஒற்றைக் கோட்டோடு ராகவன் என் பின்னால் ஏறினான். கேரியரை அவன் மடியில் வைத்தேன். பெயர் மேலே தெரிந்தது.