ஆள் உயரக் குழி

சிப்பாய் மாசிலாமணிக்குப் போர்க்களத்தில் இரண்டே துணை: ஒரு மண்வெட்டி, ஒரு கம்பளி. எங்கே போனாலும் முதலில் மார்பளவு பதுங்குகுழி வெட்டுவான். பிறகு கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதில் படுப்பான். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று முகத்தை மட்டும் மூடமாட்டான்.

ஒரு நாள் குழிக்குள்ளிருந்து கம்பளி கேட்டது: "அண்ணே, நம்மாளு இன்னைக்கு ஆள் உயரத்துக்கு வெட்டியிருக்கானே! பெரிய குண்டு வரப்போகுதா?"

"வந்துட்டுப் போயிடுச்சு," என்றது மேலே இருந்த மண்வெட்டி.

"அப்புறம் ஏன் முகத்தையும் மூடிக்கிட்டான்?"

குழியைச் சுற்றிச் சிப்பாய்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள்.

"இன்னைக்கு வெட்டினது அவன் இல்லை, தம்பி," என்றது மண்வெட்டி. "அவனைக் கெட்டியாப் பிடிச்சுக்க. இப்ப நான் மண்ணைத் தள்ளணும்."