க்ரீம் பூசும் வேலை

துண்டில் சுற்றிய கேக் மேசை நடுவில் இருந்தது. கொத்தனார் புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

இன்னும் நேரமாகும்.

துண்டுக்கு அடியில் மேசை லேசாக ஈரமாகியிருந்தது. துடைத்தார்.

அவசரப்பட்டுப் பிரித்தால் வெடித்துவிடும். வெடித்தால் இன்னொன்று கிடையாது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன் என்று க்ரீமைக் குழைக்க ஆரம்பித்தார். க்ரீம் சீஸ், வெண்ணெய், பொடித்த சர்க்கரை. முப்பது வருஷம் சிமெண்டும் மணலும் குழைத்த கை. கட்டி தட்டாமல் குழைக்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைபேசி அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழைத்துக்கொண்டே பேசினார்.

"என்னப்பா சத்தம் அது?"

"கேக்குக்கு க்ரீம்."

"கேக்கா? நீங்க வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்குமே. என்ன விசேஷம் இன்னைக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்."

"ஃப்ரிட்ஜ் ரிப்பேரானா யாராவது கேக் செய்வாங்களா?" மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா செய்வாங்களே, அந்தப் பரங்கிக்காய் கேக்கா?"

"ம்."

"உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போகுதுப்பா. மனசுல வெச்சுக்காதீங்க."

"சரிம்மா."

பேச்சு முடிந்ததும் சமையலறை முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

பரங்கிக்காயை வேகவைத்து மசிப்பது, பட்டையும் சுக்கும் தட்டிப் போட்டு மாவு கலப்பது, தட்டில் மெல்லிசாக ஊற்றிச் சுடுவது, எல்லாம் மனைவியின் பொறுப்பு. ஓவனிலிருந்து எடுத்த கையோடு சர்க்கரை தூவிய துண்டின்மேல் கவிழ்த்து, விரல் பொறுக்காத சூட்டிலேயே துண்டோடு சேர்த்துச் சுருட்டிவிடுவாள். ஆறியபின் பிரித்து க்ரீம் பூசுவது மட்டும் அவருடைய வேலை.

"சூட்டோட சுருட்டிட்டா அதுக்கு மறக்காதுங்க" என்பாள். "அப்புறம் எவ்வளவு விரிச்சு வெச்சாலும் தானா வளைஞ்சுக்கும்."

அவர் கரண்டியைத் தூக்கினால் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். "ஏங்க, இது சுவரு இல்ல. அரை இஞ்ச் கனத்துக்கு அப்பாதீங்க."

மறுபடி தொட்டுப் பார்த்தார். பதம் வந்திருந்தது.

துண்டின் நுனியைப் பிடித்து மெல்ல உருட்டினார். ஒரு சுற்று விரிந்தது. இரண்டாவது சுற்றில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. கையை நிறுத்தினார். கீறல் பாதி வழியில் நின்றது. சுவரில் விழுந்த கீறலுக்குச் செய்வதுபோலவே விரலில் க்ரீமைத் தொட்டு நிரவினார்.

மூன்றாவது சுற்றும் விரிந்தபோது உள்முனை தெரிந்தது. அது எழும்பி எழும்பி வந்தது. இடது கையால் அமர்த்தினார்.

கைக்குப் பக்கத்தில் இரண்டு குழிகள்.

சுருட்டத் தொடங்கும்போது பெருவிரல்கள் அழுந்திய இடம். சின்னக் குழிகள். அவருடைய பெருவிரல் அதற்குள் அடங்காது.

காலையில் வந்த மெக்கானிக் ஃப்ரிட்ஜின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரெசர் போயிடுச்சு சார். ஃப்ரீசர்ல இருக்கறதையெல்லாம் இன்னைக்கே காலி பண்ணிடுங்க" என்றார்.

ஃப்ரீசரில் இருந்தது ஒன்றே ஒன்று. பதினான்கு மாதமாக அது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று காலையில் அவள் அதைச் சுட்டுச் சுருட்டி, துண்டோடு பாலிதீன் உறையில் போட்டு உள்ளே வைத்தாள். "நாலு நாள்ல வந்துடுவேன். சீஸ் மட்டும் வாங்கி வைங்க. வந்ததும் பூசிக்கலாம்."

அவர் அன்று சாயங்காலமே வாங்கி வைத்தார். அந்த டப்பா கெட்டுப்போய் எப்போதோ குப்பைக்குப் போயிற்று. இன்று வாங்கியது வேறு டப்பா.

கரண்டியை எடுத்து எதிர் ஓரத்திலிருந்து பூசிக்கொண்டு வந்தார். மெல்லிசாக, ஒரே சீராக. அவளே பார்த்தாலும் ஒரு சொல் சொல்ல முடியாது.

குழிகளுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கரண்டி நின்றது. பள்ளத்தைக் கண்டால் நிரப்பித்தான் பழக்கம். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

இனி சுருட்ட வேண்டும். அவர் ஒருநாளும் சுருட்டியதில்லை. சுருட்ட வேண்டுமானால் அந்த இடத்தில்தான் விரலை வைத்து அழுத்த வேண்டும்.

வெகுநேரம் அப்படியே நின்றார். கால் வலித்தது. நாற்காலியை இழுப்பதற்காக இடது கையை எடுத்தார்.

மேசைமேல் கேக்கின் உள்முனை மெல்ல எழுந்து, இரண்டு குழிகளையும் உள்ளே வாங்கிக்கொண்டு, வளைந்தது.