மீன்சுருட்டி வரை பிரேக்

அறிவரசன் செத்த பிறகும் அவனுடைய ஓடாத பழைய பிக்கப் வேன் தங்கள் வாசலை விட்டு நகராது என்றார்கள் அவன் அண்ணன்மார். மனைவி சத்யப்பிரியா டிராக்டரோடு வந்து நின்றாள். வாலிகண்டபுரத்திலிருந்து மீன்சுருட்டியில் தன் தாய்வீடு வரை இழுத்துப்போக வேண்டும். பின்னால் வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக் பிடிக்க ஆள் இல்லாததால், பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்கி டிராக்டரோடு சங்கிலியால் இறுக்கினாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அரியலூர் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் பிக்கப் பிரேக் பிடித்தது. இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தைத் தொட்டாள், சுட்டது. கதவு பூட்டியபடியே இருந்தது.

"உசுரோட இருந்தப்பவும் நான் ஓட்டுனா உங்களுக்குப் பயம்தான். மிதிங்க, நல்லா மிதிங்க. வண்டி எங்க வூட்டுக்குத்தான் போவுது."

அடுத்த வேகத்தடையில் அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

மீன்சுருட்டியில் கதவைத் திறந்தபோது, அறிவரசன் ஆயுசில் தொடாத சீட் பெல்ட், காலி இருக்கையின் குறுக்கே மாட்டியிருந்தது.