நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

கப்பல் வேலைக்குப் போன அமலியின் தம்பி சேவியோவிடமிருந்து தகவல் நின்றுபோய் மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. அவன் வீட்டில் விட்டுப்போன லேப்டாப்பின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினால் மகளுக்காவது உதவும் என்று கணவன் ரொனால்டு சொல்ல, அவள் அரைமனதாகப் பென்டிரைவைச் செருகினாள்.

முதலில் திரை கறுத்தே கிடந்தது. பிறகு வைஃபை பிடிக்கவில்லை. இணையம் இல்லாமலே தொடர்ந்தாள். ஒருவழியாக உலக வரைபடம் வந்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது.

அமலி இந்தியாவின்மேல் அமுக்கினாள். சிவப்புப் புள்ளி அங்கே நிற்காமல் நடுக்கடலுக்குப் போய் நின்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் போனது.

"புதுசா போடுறவங்களுக்கு இப்படித்தான் மக்கர் பண்ணுமாம். பேசாம அடுத்ததை அமுக்கு. பழசெல்லாம் அழிஞ்சிட்டா சரியாயிரும்" என்றான் ரொனால்டு.

அமலி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். யாரும் தொடாமலே அந்தப் புள்ளி அசைந்தது. கரையைப் பார்த்து மயிரிழை நகர்ந்து நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"சார்ஜரைக் கொண்டாங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சீக்கிரம். இது அணைஞ்சிரக் கூடாது."