குலுங்காத சீட்டு

"அக்கா, நாம ஒழிஞ்சோம். ரோடு போடப் போறாங்களாம்."

தம்பி அந்த நல்ல செய்தியைத் துக்கச் செய்தி மாதிரி சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தான்.

அக்கா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "எந்த ரோடு?"

"நம்ம ரோடுதான். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். தேர்தல் வருதுல்ல."

ஊரே காத்திருந்த சாலை. இவர்களுக்கு மட்டும் அது பிழைப்புக்கு வேட்டு. பைக்கின் பின்பக்கம் மாட்ட இவர்கள் செய்து விற்கிற ஸ்பிரிங் சீட்டு, இந்த ரோட்டின் குழிகளால் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தது அக்காவின் மூளை இல்லை, இடுப்பு என்பான் தம்பி. குழியில் விழுந்து எழுந்தவர்கள் நேராக இங்கேதான் வந்தார்கள்.

"ரெண்டு வெல்டர் இருக்காங்களே, அவங்களை என்ன பண்றது?" என்றாள் அக்கா. "சின்னவன் இப்பத்தான் கல்யாணம் பண்ணியிருக்கான். இந்தச் சீட்டை நம்பித்தான் பொண்ணே கொடுத்தாங்க."

"ரோடு வேணாம்னு ஒரு மனு கொடுத்துப் பாப்போமா?"

"கொடு. நம்மளையே குழியில போட்டு மேல தார் ஊத்துவாங்க."

வாசலில் நின்ற பைக்கில், சோதனைக்கு மாட்டியிருந்த சீட்டில் ஒருவர் உட்கார்ந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தார். தொழிலில் பாதிப் பங்குக்குப் பணம் போடுவதாகக் காலையில் வந்தவர். வெள்ளைச் சட்டை. ஷூவில் மட்டும் கறுப்புக் கறை. கிரீஸாக இருக்கும், உழைக்கிற மனுஷன் என்று அக்காவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அவருக்கு விஷயம் தெரியாது போல. முதல்ல கையெழுத்து ஆகட்டும்."

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குடா."

"அதுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?"

அக்கா நேராக வாசலுக்குப் போனாள்.

"சார், உங்க பணத்தை வேற எதுலயாவது போடுங்க. ரோடு வந்துட்டா இதை ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க."

அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. "மாசம் எத்தனை செய்வீங்கம்மா?"

"இருநூறு. சார், நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"இன்னும் நாலு வெல்டர் போடுங்க. மழைக்கு முன்னாடி ஆயிரம் சீட்டாவது தயாரா இருக்கணும்."

பின்னாலேயே வந்த தம்பிக்கே மனசு கேட்கவில்லை. "சார், ரோடு முழுக்கப் புதுசாகப் போகுது. நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன தம்பி?" அவர் நிதானமாக இறங்கி, ஷூவில் ஒட்டியிருந்த தாரைப் படியில் தேய்த்தார். "போடறதே நான்தான்."