யாரைப் பார்த்து நடந்தேன்

கடைசிக் கேள்வியும் முடிந்தது. அவள் பேனாவை மூடினாள்.

"இனிமே நான் வர மாட்டேன், ஜெசிந்தா. அடுத்த தடவை சின்னப் பொண்ணு ஒருத்தி வருவா. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லு."

ஜெசிந்தா தலையாட்டினாள். காதோரம் நன்றாகவே நரைத்திருந்தது.

இதே தூத்துக்குடி வீட்டில், சேலைத் தொட்டிலில் கிடந்த ஜெசிந்தாவைத்தான் அவள் முதலில் பார்த்தாள். மனிதர்கள் எப்படிப் பிறந்து, வளர்ந்து, மூப்படைகிறார்கள் என்று பல்கலைக்கழகம் தொடங்கிய ஆய்வு. ஜெசிந்தா அதில் ஒரு குழந்தை. அவள், கேள்வி கேட்க அனுப்பப்பட்ட மாணவி.

பால்பல் விழுந்தபோது வந்தாள். தாவணி போட்ட வயதில் வந்தாள். ஜெசிந்தா பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் வந்தாள்.

ஆய்வு பாதி தூரம்தான் வந்திருந்தது. அதற்குள் அவளுக்கு முழங்கால் மடங்காமல் போயிருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா?"

இந்த வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றுகூட.

"கேளு."

"நான் மொதமொதல்ல யாரைப் பாத்து நடந்தேன்?"

ஜெசிந்தாவின் அப்பா கடலோடு போய் வெகுகாலம். அம்மா பெர்னதாள் போன மழைக்காலத்தில் இறந்திருந்தாள். அந்தக் குழந்தையைப் பார்த்தவர்களில் இப்போது மிச்சம் அவள் மட்டும்தான்.

அவளுக்கு அந்தக் காலைப்பொழுது நன்றாக நினைவிருந்தது.

பெர்னதாள் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். குழந்தை டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளையே பார்த்தது. சட்டென்று பெட்டியை விட்டது.

ஓர் அடி. இன்னோர் அடி.

அவள் மடியில் வந்து விழுந்தது.

அவள் வாரித் தூக்கி, அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எச்சில் அவள் நெற்றியில் வழிந்தது.

வாசலில் பெர்னதாளின் செருமல் கேட்டது.

அவள் அவசரமாகக் குழந்தையைப் பழையபடி பெட்டியோரம் நிறுத்தினாள்.

"நடக்கப் பாக்குறா போல. கூப்பிடுங்களேன்."

பெர்னதாள் குடத்தை இறக்கிவிட்டுக் கையை நீட்டினாள். குழந்தை தத்தித் தத்திப் போனது. பெர்னதாள் போட்ட கூச்சலில் பக்கத்து வீடுகள் எல்லாம் வந்துவிட்டன.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், பேருந்தில் அவள் தன் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்னக்கா, மறந்துட்டியளா?"

"உங்கம்மாவைப் பாத்துத்தான் நடந்தே," என்றாள் அவள். "நான் பக்கத்துல இருந்தேன்."



"அம்மா வேற மாதிரில்லா சொன்னா. ஆஸ்பத்திரில கெடக்கும்போது."

அவள் நிமிர்ந்தாள்.

"கொடத்தோட வாசல்ல வந்து நின்னாளாம். நான் உங்ககிட்ட நடந்து வந்ததப் பாத்தாளாம். நீங்க என்னைத் தூக்கி வச்சுச் சிரிச்சியளாம். அந்த மொகத்தைப் பாத்ததும் உள்ள வர மனசு வரலையாம். அந்தப் பொண்ணுகிட்ட பிள்ளை கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நின்னுட்டாளாம். கொடம் இடுப்புல கனத்த பெறகுதான் செருமுனாளாம்."

வெளியே மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டே போனார். சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்னு தெரிஞ்சும் அம்மா அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, அக்கா."

அவள் கைப்பையின் வாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்தது?

கேட்க வேண்டும் போலிருந்தது.

அதைப் பார்த்தவள் பெர்னதாள் ஒருத்திதான்.